மணல் மட்டும் போதாது

உப்புநீர்த் தொட்டி வைத்தவர்கள் எல்லோரையும் முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட வெள்ளை மணலின் மேல் காபித்தூள் நிறத்தில் ஒரு படலம் படியும். இன்று சுரண்டி எடுத்தால் நாளை மறுநாள் திரும்ப வந்து நிற்கும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மரைன் டேங்க் வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி அந்தப் படலத்திலிருந்துதான் பிறக்கிறது: “மணலு ஃபுல்லா அழுக்கு படியுதுண்ணா. ஒரு கடல் அட்டை வுட்டா க்ளீன் பண்ணிடும்ல?”

வெளிநாட்டுக் காணொளிகளில் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பல நாடுகளில் கடல் அட்டை கடையில் கிடைக்கிறது. மணல் மேய்ந்து தொட்டியைத் துப்புரவாக வைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள்.

நம் ஊரில் கூடாது. 2001 ஜூலை 11 முதல் கடல் அட்டையின் எல்லா இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, விற்பது, வாங்கி வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ‘இம்போர்ட்டட்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்கிவிட வேண்டாம். கல் பவளம், கடல் குதிரை, சிலவகைப் பெரும் மட்டிகள் ஆகியவையும் இதே பாதுகாப்பில் உள்ளவைதான். உப்புநீர்த் தொட்டியில் கை வைக்கும் எவரும் மீனின் விலையைக் கேட்பதற்கு முன் இந்தப் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது.

சட்டத்தோடு விஷயம் முடிந்துவிட்டால் இந்த அத்தியாயம் தேவையில்லை. நாளைக்கே தடை நீங்கினாலும் நான் இதே பதிலைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் அந்த உயிரின் வயிற்றில் இருக்கிறது.

முதலில் அந்தக் காபிப் படலம். அது அழுக்கே அல்ல; டயட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு பெருகும். புதுத் தொட்டியில் சிலிக்கா இருக்கும், போட்டிக்கு வேறு பாசிகள் இன்னும் வளர்ந்திருக்காது. எனவே சில வாரங்கள் அதன் ஆட்சி. சிலிக்கா தீர்ந்ததும் தானாகவே அடங்கும். போர்வெல் தண்ணீரில் உப்பைக் கலக்கியவர்களுக்கு இது நீண்டுகொண்டே போகும், ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தியவர்களுக்குச் சீக்கிரம் விடும். இதில் கடல் அட்டைக்கு வேலையே இல்லை.

இனி அட்டையைப் பார்ப்போம். ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் இதன் பங்காளிகள். அவற்றைப் போலவே இதன் உடலும் ஐந்து பாகங்களாக அமைந்தது. ஆனால் நட்சத்திர மீன் வாயைத் தரையில் வைத்து உட்கார்ந்திருக்க, கடல் அட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து நீளவாக்கில் படுத்துவிட்டது. மூளை இல்லை, கண் இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம். மூச்சு விடுவது பின்வழியாக: மலத்துளை வழியே கடல்நீரை உள்ளே இழுத்து, கிளை கிளையாகப் பிரிந்த இரண்டு சுவாச மரங்களில் நிரப்பி, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நீரை வெளியே தள்ளும். அந்தத் துளைக்குள்ளேயே வாலை முதலில் விட்டு நுழைந்து குடியிருக்கும் ஒருவகை மெல்லிய மீனும் உண்டு. தோலில் இருக்கும் இணைப்புத் திசு நரம்பின் கட்டளைப்படி நொடிகளில் விறைக்கும், நொடிகளில் தளரும். கையில் எடுத்தால் கட்டையாக இறுகுவதும், பாறை இடுக்கில் வழிந்தோடி நுழைந்துகொள்வதும் ஒரே உடல்தான்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நம் மீனவர்கள் இவற்றைத் தனித்தனியாக அறிவார்கள்: வெள்ளை அட்டை, ராஜா அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை. விலை மதிப்பில் முன்னால் நிற்பது வெள்ளை அட்டை. ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறையும், அரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். முதுகு சாம்பல், வயிறு வெளுப்பு. கடல்புல் வளர்ந்த சேற்று மணல்தான் அதற்குப் பிடித்த இடம். பகலில் பெரும்பகுதி மணலுக்குள் புதைந்து கிடந்து, வெயில் தாழ்ந்ததும் மேலே வந்து மேயத் தொடங்கும்.

அந்த மேய்ச்சலைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். வாயைச் சுற்றி 20 உணர்கொம்புகள். ஒவ்வொன்றின் நுனியும் கேடயம் மாதிரி விரிந்து பிசுபிசுப்பாக இருக்கும். ஒரு கொம்பு நீண்டு மணலில் அழுந்தும். மணிகள் ஒட்டிக்கொள்ளும். கொம்பு உள்ளே மடங்கி வாய்க்குள் போய், துடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குள் அடுத்தது உள்ளே போயிருக்கும். பாயசம் சாப்பிட்ட குழந்தை விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டு நக்குகிற அதே நிதானம். அவசரமே இல்லை, நிறுத்தமும் இல்லை. மறுமுனையில் மணல் ஒரு நீண்ட சரமாக, சளிச் சவ்வில் சுற்றப்பட்டு வெளியே வந்து கிடக்கும். உள்ளே போன மணலுக்கும் வெளியே வந்த மணலுக்கும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், மணிகளின் மேல் இருந்த பாக்டீரியாவும் டயட்டமும் மட்கிய கடல்புல் துணுக்கும் இப்போது அட்டையின் உடலுக்குள் இருக்கின்றன.

அட்டை தின்பது மணலை. ஆனால் வாழ்வது மணல்மேல் படிந்திருக்கும் உயிர்ப்பூச்சை வைத்து. அந்தப் பூச்சு மிக மெல்லியது, சத்தும் குறைவு. அதனால்தான் ஓயாமல் தின்ன வேண்டியிருக்கிறது. தின்று முடித்த இடத்தில் பூச்சு மறுபடி வளர நாளாகும். அதுவரை வேறு இடம் வேண்டும்.

இங்கேதான் வீட்டுத் தொட்டி தோற்கிறது. சாலமன் தீவுகளில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் 1999-இல் ஓர் அளவை வெளியிட்டார்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் உள்ள அட்டைகளின் மொத்த எடை ஏறத்தாழ 225 கிராமை எட்டியதும் வளர்ச்சி நின்றுவிட்டது. வண்ணாரப்பேட்டை வீடுகளின் முன்னறையில் வைக்கக்கூடிய தொட்டி பெரும்பாலும் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். தரைப் பரப்பு 0.4 சதுர மீட்டர். அதிலும் பாதியைப் பாறைகள் அடைத்துக்கொள்ளும். பாறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் தரை தாங்குவது 90 கிராம். ஒரு வெள்ளை அட்டையின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆய்வுத் தொட்டிகளிலாவது மணலில் சத்து சேர விட்டிருந்தார்கள். நம் தொட்டியிலோ ஸ்கிம்மர் வைத்து, கார்பன் வைத்து, வாரா வாரம் தண்ணீர் மாற்றி, சத்தை எல்லாம் நாமே பிடுங்கி எறிகிறோம்.

பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டும், நெற்றி குழியும், வளர்ப்பவருக்குப் புரிந்துவிடும். கடல் அட்டை மெலிவதில்லை, சிறிதாகிறது. தன் உடற்சுவரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் செலவழிக்கும். உருவ விகிதம் மாறாது. மணலில் நகர்ந்துகொண்டே இருக்கும், சரம் சரமாகக் கழிவும் போட்டுக்கொண்டிருக்கும். ‘நல்லா வேலை செய்யுது’ என்று வீட்டுக்காரர் மகிழ்ந்துகொண்டிருக்கும் அதே மாதங்களில் அது செத்துக்கொண்டிருக்கும். பட்டினியிலேயே மிகக் கொடுமையானது என்று நான் நினைப்பது இதைத்தான்.

பாசிப் பொடியைத் தூவிப் பசியாற்றலாமே என்பார்கள். ஆற்றலாம். தின்றது போக மீதி அழுகும், அம்மோனியா ஏறும். மணலைத் துப்புரவாக்க வந்த உயிருக்காக மணலை நாம் தினமும் அழுக்காக்க வேண்டும். செந்நீலமும் மஞ்சளுமாய்ப் பூத்து நிற்கும் ‘கடல் ஆப்பிள்’ வகை அட்டைகளின் கதை இன்னும் மோசம். அவை மணல் தின்பவை அல்ல. கிளைத்த கொம்புகளை விரித்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிரைப் பிடிப்பவை. வடிகட்டித் தெளிந்த தண்ணீரில் அவற்றுக்குச் சாப்பிட ஒன்றுமே இல்லை.

கடலடியில் யார் ஊட்டுகிறார்கள்? யாரும் ஊட்டுவதில்லை என்பதற்கு யாழ்ப்பாணத்து அட்டைப் பண்ணைகளே சாட்சி. ஆழம் குறைந்த கடலேரியில் கம்பு நட்டு, வலை சுற்றி அடைத்து, பொரிப்பகக் குஞ்சுகளை உள்ளே விடுகிறார்கள். அரியாலை, பூநகரிப் பகுதியில் அப்படிப்பட்ட பண்ணைகளை இன்றும் பார்க்கலாம். தீனி என்று எதுவும் போடுவதில்லை. ஏற்ற இறக்க நீர் கொண்டுவரும் வண்டலும் கடல்புல்லின் மட்கும்தான் உணவு. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரைக் கிராமங்களிலும் இதே முறைதான். கடல் இலவசமாகத் தருவதை அடைத்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே அடைத்த இடம் யாருடையது, அங்கே முன்பு வலை வீசிய சிறு மீனவர் எங்கே போவார் என்ற சண்டை யாழ்ப்பாணத்தில் மூண்டதில் வியப்பில்லை. வெளியிலிருந்து வந்த முதலீட்டுக்கு எதிராக அங்குள்ள மீனவர்கள் எழுப்பிய குரலில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

சரி, தண்ணீர். வடசென்னைத் தொட்டிக்காரருக்கு இது தனிப் பாடம். வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேட்டுக் கரைக்குச் சைக்கிளில் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் கடல் இருக்க, உப்பு வாங்கிக் கலக்குவானேன் என்று கேன் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தக் கேனுக்குள் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. துறைமுகத்துக்குள் படகுகளின் டீசல் மிதக்கும். வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை, எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. கசிந்த இடத்தருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. இருக்கலாம் என்று வகுத்த அளவு 5.

அம்மோனியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணூரில் குழாய் உடைத்து வந்தது உங்கள் தொட்டியில் தினமும் சத்தமில்லாமல் பிறக்கிறது. மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும். தண்ணீரில் அது இரண்டு உருவில் இருக்கும்: மின்னேற்றம் பெற்ற அம்மோனியம், அதிகம் கெடுக்காது; மின்னேற்றமில்லாத அம்மோனியா, செவுளின் மெல்லிய தோலைத் தாண்டி உள்ளே போய் நரம்பைத் தாக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பி.எச். அளவுதான். பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், 8.2 உள்ள கடல்நீரில் நச்சு உருவின் பங்கு பத்து மடங்குக்கும் மேலே போகிறது. சூடு ஏறினால் இன்னும் கூடும். கோல்ட் ஃபிஷ் தொட்டியில் ‘பரவாயில்லை’ என்று விட்ட அதே அளவு, கோமாளி மீனைக் கொன்றுவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்த ஆறு வாரம் பொறுக்காமல் வாங்கிய மீன்கள்தான் கடைக்காரருக்கு மறு வியாபாரம் தருகின்றன.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பு கலப்பதே வடசென்னைக்கு ஏற்ற வழி. ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டினால் சரி. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்காமல் சேர்க்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் முன்னறை அனலில் தொட்டி நீர் 31, 32 டிகிரியைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு. மின்சாரம் போய்விட்டால் பேட்டரி ஏர் பம்ப் இல்லாத தொட்டியில் ஓர் இரவைத் தாண்டுவது கடினம்.

முள்தோலிகள், அதாவது நட்சத்திர மீன், முள்ளெலி, கடல் அட்டை ஆகியவை, இந்த ஏற்ற இறக்கங்களை மீனைவிடக் குறைவாகவே தாங்கும். மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன; உடலின் உப்பைத் தானே திருத்திக்கொள்ளும். கடல் அட்டைக்கு அந்த வசதி இல்லை. வெளியில் உள்ள உப்புதான் உள்ளேயும். மெல்ல மாறினால் வெள்ளை அட்டை ஓரளவு சமாளிக்கும். சட்டென்று மாறினால் செல்கள் வீங்கிச் சிதைந்துவிடும். மீன் நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்து முள்தோலிகளுக்கு நஞ்சு.

பயந்துபோன கடல் அட்டை செய்யும் காரியம் இன்னொன்று இருக்கிறது. நூல் அட்டையும் அதன் சில உறவினங்களும் பின்வழியாகப் பசைநூல்களைப் பீய்ச்சி எதிரியைச் சுற்றிக் கட்டிவிடும். பல இனங்கள் குடலையும் சுவாச மரத்தையுமே வெளியே தள்ளிவிடும். கடலில் இது நல்ல தந்திரம். தின்ன வந்தவனுக்குக் குடலைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பும். சில வாரங்களில் எல்லாம் புதிதாக முளைத்துவிடும். தொட்டியில் இது எல்லோருக்கும் சாவு. அட்டைகளின் உடலில் ஹோலோதுரின் என்னும் சபோனின் நச்சு உண்டு. சோப்பு எண்ணெயைக் கரைப்பதன் வேதியியலே இதற்கும் அடிப்படை: செல்லுறையில் உள்ள கொழுப்போடு பிணைந்து துளை போடும். செவுள் செல்கள் முதலில் விழும். நியூயார்க் விலங்கியல் கழகத்தில் பணியாற்றிய ராஸ் நைக்ரெல்லி 1952-இல் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அவருக்கு வெகுகாலம் முன்பே பசிபிக் தீவு மக்கள் கடல் அட்டையை நசுக்கிப் பாறைக் குட்டைகளில் பிழிந்து, மயங்கி மிதந்த மீன்களைப் பொறுக்கினார்கள். கடல் பெரியது, நஞ்சு கரைந்து போய்விடும். 180 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மோட்டாரின் உறிஞ்சு வாயில் ஓர் அட்டை சிக்கிக் கிழிந்தால் போதும். காலையில் எழுந்து பார்க்கும்போது மீன் ஒன்றும் மிஞ்சாது.

கடலுயிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909-இல் மெரினாவில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தது. இந்தியாவிலேயே முதலாவது. ஆனால் கடல் அட்டைக்கு அந்தக் காலத்தில் மதிப்பு வேடிக்கை பார்ப்பதில் இல்லை, உலர்த்தி விற்பதில் இருந்தது. நூற்றாண்டுகளாக நம் தென்கரையிலிருந்து காய்ந்த அட்டை சீனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தத் தொழிலின் வரலாற்றை 1917-இல் எழுதி வைத்தார். வேகவைத்து, மணலில் புதைத்து, தோலின் சுண்ணத் துகளைத் தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். எடையில் பெரும்பகுதி நீராகப் போய், கருங்கட்டையாக மிஞ்சும்.

பிடிப்பு கூடக் கூட, உருப்படிகள் சிறுத்தன. 1982-இல் மூன்று அங்குலத்துக்குக் குறைவான காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. போதவில்லை. 2001-இல் முழுத் தடை. மூச்சடக்கி முக்குளித்து அட்டை எடுத்தே பிழைத்த ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரை மக்களுக்கு அன்றைக்கு வேலை போனது. மாற்று வேலை கிடைத்தவர்கள் குறைவு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இது சட்டபூர்வமான தொழில். இந்தப் பக்கம் சிறை. இடையில் சில மணி நேரப் படகுப் பயணம். கடத்தல் செழிக்க வேறென்ன வேண்டும்? தடை தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. இடிந்துபோன இனங்களையும் இன்னும் ஏராளமாக இருக்கும் குச்சி அட்டையையும் ஒரே வரியில் அடக்கியதும், கரையில் நின்ற முக்குளிப்பவரை மறந்ததும் தவறு என்றே நினைக்கிறேன்.

தடை ஏன் தேவைப்பட்டது? ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் ட்ரோனால் படமெடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 30 லட்சம் குச்சி அட்டைகள். அவை ஓர் ஆண்டில் வயிற்றில் போட்டுக் கடத்தும் மணல் 64,000 டன்னுக்கு மேல் என்று 2021-இல் கணக்கு வெளியானது. மணல் புரளும்போது அடியில் காற்றில்லாமல் கறுத்துக் கிடக்கும் அடுக்குக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. குடலின் அமிலத்தில் சுண்ணத் துகள் கொஞ்சம் கரைந்து நீருக்குத் திரும்புகிறது. பவளம் தன் கூட்டைக் கட்ட அது உதவும். 2024-இல் வெளிவந்த இன்னொரு சோதனை என்னைத் தூங்கவிடவில்லை. பசிபிக்கின் மூரெயா தீவில் சில திட்டுகளிலிருந்து அட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சிலவற்றில் அப்படியே விட்டார்கள். இரண்டிலும் பவளத் துண்டுகளை நட்டார்கள். அட்டை இல்லாத இடத்தில் பவளத் திசு அழுகியது மூன்று மடங்கு. பவளம் முழுதாகச் செத்தது 15 மடங்கு. மணலில் தேங்கிய அழுகலும் அதில் வளரும் நோய்க்கிருமியும் பவளத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஏறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. உலகின் பல கரைகளிலிருந்து இந்த உயிரை நூறாண்டாக மூட்டை மூட்டையாக வாரி எடுத்திருக்கிறோம். அந்தக் கரைகளின் பவளமெல்லாம் என்ன ஆகியிருக்கும்?

லட்சத்தீவு 2020-இல் செரியபானித் திட்டில் 239 சதுர கிலோமீட்டரைக் கடல் அட்டைக்கென்றே காப்பகமாக அறிவித்தது. உலகில் இப்படி ஒன்று அதுவே முதல்.

கண்ணாடிக்குள் கடல் அட்டையை வைத்து உருப்படியாக ஒன்றைச் சாதித்தவர்களும் தமிழ்க் கரையில்தான் இருந்தார்கள். 1988-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி.பி. ஜேம்ஸும் அவருடைய சகாக்களும் உலகிலேயே முதன்முறையாக வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். முறை மிக எளிமையாகத் தோன்றும். தாய் அட்டைகள் இருக்கும் நீரின் வெப்பத்தை மூன்றிலிருந்து ஐந்து டிகிரி உயர்த்துவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண் அட்டைகள் உடலின் முன்பாதியைத் தூக்கி நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அசைந்தாடும். தலைப்பக்கத் துளையிலிருந்து வெண்புகையாக விந்து கிளம்பும். அந்த வாசனை நீரில் பரவிய பின் பெண் அட்டைகள் நிமிரும். ஒரே பீச்சில் முட்டைகள். ஒரு பெண் இடுவது பத்து லட்சம் அளவுக்கு. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

கடினம் அதற்குப் பிறகுதான். இரண்டாம் நாளில் உருவாகும் ஆரிகுலேரியா என்ற இளவுயிர் மிதந்தபடி நுண்பாசி தின்னும். அதற்கு ஐசோகிரைசிஸ் பாசியை வேறு தொட்டியில் வளர்த்து அளந்து ஊற்ற வேண்டும். கூடினால் தண்ணீர் கெடும், குறைந்தால் பட்டினி. பத்து நாள் வாக்கில் உருமாறிப் பீப்பாய் வடிவுக்கு வரும், தின்பதை நிறுத்திவிடும். மேலும் சில நாளில் ஐந்து குட்டிக் கொம்புகள் முளைத்து, படிய ஓர் இடம் தேடும். பாசிப்படலம் இல்லாத பரப்பில் படியாது. கட்டக்கோரை என்னும் கடற்பாசியை அரைத்து வடிகட்டிய சாற்றைத் தகடுகளில் தினமும் ஊற்றி, அந்தப் படலத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைத்தார்கள். கோப்பிபாடு எனும் ஊசிமுனைப் பூச்சிகள் தொட்டியில் பெருகிவிட்டால் குஞ்சுகளைக் குதறிவிடும். இத்தனையும் தாண்டிச் சில சென்டிமீட்டர் வளர்ந்த குஞ்சுக்கு அவர்கள் கடைசியில் தேடியது பெரிய தொட்டியை அல்ல. கடலடியில் வலையிட்ட அடைப்பை. பாசியும் மட்கும் தானாகச் சேரும் தரை அதற்கு வேண்டியிருந்தது. இந்த அறிவை மூலதனமாக வைத்து வேறு நாடுகள் கோடிகளில் வியாபாரம் செய்கின்றன. பொரிப்பகக் குஞ்சைக் கடலில் விட்டு இனத்தைப் பெருக்கவும், கணக்கோடு வளர்த்து விற்கவும் நம் மீனவர்கள் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்?

வண்ணாரப்பேட்டைத் தொட்டிக்குத் திரும்பினால், மணலைப் பார்த்துக்கொள்ளச் சட்டம் தடுக்காத ஆட்கள் இருக்கிறார்கள். மணலுக்குள் புதைந்து மேயும் சிறு நத்தைகள், துறவி நண்டுகள், பாறை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் கையை நீட்டி எச்சத்தைப் பொறுக்கும் நொறுங்கு நட்சத்திரம் ஆகியவை போதும். நத்தைகளிலும் சில இனங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு. பார்த்து வாங்க வேண்டும். மணலை ஓர் அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். மூன்று நாலு அங்குலம் போட்டுவிட்டுக் கிளறாமல் வைத்தால் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், ஒருநாள் கை பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும். வாரம் ஒருமுறை சைஃபன் குழாயை மணலில் அழுத்தி, தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை அதன் வழியே எடுங்கள். மீனுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் தீனி போடாதீர்கள். மணல் அழுக்காவதில் பாதிக்குமேல் அந்த மீதித் தீனிதான். கோமாளி மீன் வாங்குவதானால் பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் அதைத் தொட்டியிலேயே பொரிக்கக் கற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நைட்ரேட் சோதனைக் குப்பியில் நிறம் 20-க்குக் கீழே தொடர்ந்து ஒரு மாதம் நின்றால், அடுத்த மீனைப் பற்றி யோசிக்கலாம்.